புதிய பிரேக் பேடும் பழக்க வேண்டிய கடமையும்

வீட்டிற்குப் புதிய தோசைக்கல் ஒன்றை வாங்கி வந்தால் அன்றே அதில் தோசை வார்த்துவிட முடிவதில்லை. கழுவித் துடைத்து, அடுப்பில் ஏற்றி, எண்ணெய் தடவி, ஆறவிட்டு, மீண்டும் சூடேற்றிச் சில நாள்கள் பழக்கிய பின்னரே மாவு கல்லை விட்டு எழும்பும். பழக்காத கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து போவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அங்கே வீணாவது ஒரு கரண்டி மாவு மட்டுமே. அவ்வாறு பழக்க வேண்டிய பொருள் ஒன்று நாம் அன்றாடம் பயணம் செய்யும் காரிலும் உண்டு. அதனைப் பழக்காமல் விட்டால் இழக்க நேர்வது உயிராகவும் இருக்கலாம். அப்பொருளே பிரேக் பேட். அதனை எவ்வாறு பார்த்து வாங்குவது, மாட்டிய பின் எவ்வாறு பழக்குவது, பழக்க வேண்டியதன் காரணம் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கொல்லிமலையில் கற்ற பாடம்

தமிழ்த்துறையின் மலரில் பிரேக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். வல்வில் ஓரியின் கொல்லிமலையைக் கண்டுவர எம் துறை ஆசிரியர்கள் நால்வர் ஒருமுறை புறப்பட்டோம். காரின் உரிமையாளரான பேராசிரியர், முதல் நாள் மாலைதான் முன் சக்கரங்களின் பிரேக் பேடுகளைப் புதிதாக மாற்றி வந்திருந்தார். "மலைப் பயணம் என்பதற்காகவே மாற்றினேன், இனி அச்சமில்லை" என்றார். பட்டறையில் பணத்தைப் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுத்தவர்கள் வேறொன்றும் சொல்லவில்லை.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைமேல் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது குறையொன்றும் தெரியவில்லை. மாலையில் இறங்கும்போது, பாதி வளைவுகளைக்கூடக் கடந்திராத நிலையில், ஏதோ கருகும் நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் வழக்கம்போல் மிதித்தும் வேகம் தணியவில்லை. பேராசிரியர் பெடலை முழு வலிமையோடு அழுத்தி, கியரைக் குறைத்து, சாலை சற்று அகன்றிருந்த இடத்தில் ஒருவாறு காரை நிறுத்தினார். சக்கரத்தின் அருகே கை வைக்க முடியாத அளவுக்கு அனல் வீசியது. எங்களுக்குப் பின்னால் வந்த மலையூர் ஜீப் ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து பார்த்தார். "பேட் எப்போ மாத்தினீங்க, ஐயா?" என்று கேட்டார். "நேற்று" என்றோம். "புதுப் பேடைப் பழக்காம மலைக்குக் கொண்டு வரலாமா? நல்லா ஆறட்டும். பிறகு முதல் கியர்லயே இறங்குங்க" என்றார். ஒரு மணி நேரம் காத்திருந்து அவர் சொன்னவாறே இறங்கி ஊர் சேர்ந்தோம். நால்வரும் நூல்கள் பல கற்றவர்கள். எனினும் அவர் சொன்ன அந்த ஒரு செய்தியை நாங்கள் அறிந்திருக்கவில்லை. அதனைப் பிறர் அறியச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயக்கம் வெப்பமாகும் இடம்

ஓடும் காரிடம் இயக்க ஆற்றல் உள்ளது. ஆற்றலை அழிக்க இயலாது. வேறொரு வடிவமாக மாற்றவே இயலும் என்பது இயற்பியலின் அடிப்படை. பிரேக்கின் பணி இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதாகும். ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது, குழாய்களில் நிறைந்துள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. அடைபட்ட திரவத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கல் விதியே இங்குப் பயன்படுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க் எனப்படும். அதனைக் கவ்வியிருக்கும் காலிப்பர் என்னும் உறுப்பு, இருபுறமும் உள்ள இரண்டு பேடுகளைத் தட்டின்மேல் அழுத்துகிறது. அந்த உராய்வில் வேகம் தணிகிறது. தட்டும் பேடும் சூடாகின்றன.

அச்சூடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 247 கிலோஜூல் ஆகும். காரை ஒருமுறை முழுவதுமாக நிறுத்தும்போது எழும் வெப்பம், முக்கால் லிட்டருக்கும் சற்று மிகுதியான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். இனி மலையை எண்ணிப் பார்ப்போம். அதே கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 முறை முழுவதுமாக நிறுத்துவதற்கு ஈடானது. எஞ்சினின் துணையின்றி அத்தனை சுமையையும் பிரேக்கின் மேலேயே ஏற்றினால், பழகிய பேடே திணறும். பழகாத பேடின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

பேட் வளர்ந்த கதை

டிஸ்க் பிரேக்கின் கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் பயன்படுத்தியது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசியபோது எழுந்த ஓசையைத் தாங்க இயலவில்லை. உரசும் பொருள் சரியாக அமையாதவரை பிரேக்கும் அமையாது என்பதற்கு இதுவே சான்று. அதற்குச் சற்று முன்னர், 1897-இல், ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் வண்டிகளின் பிரேக்குக்கென்றே தனி உராய்வுப் பொருளை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். ஃபெரோடோ நிறுவனம் அதிலிருந்து தோன்றியதாகும். 1953-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பின்னர், உலகின் பார்வை இம்முறையின்பால் திரும்பியது.

நெடுங்காலம் பேடுகளில் கல்நார் கலக்கப்பட்டது. வெப்பத்தைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை. எனினும் அதன் நுண்தூசி நுரையீரலில் படிந்து புற்றுநோயை விளைவிப்பது உறுதியானதால் பல நாடுகள் அதனை விலக்கின. பிரிட்டன் 1999-இல் எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்தது. இன்றைய பேடுகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். இழைகளும் பிசினும் கலந்த கரிமப் பேட் மென்மையானது, ஓசை குறைவு, தட்டைத் தேய்க்காது, ஆனால் மிகுந்த சூட்டில் பிடிப்பு சற்றுக் குறையும். உலோகத் தூளும் இழையும் மிகுதியாகக் கலந்த அரை உலோகப் பேட் சூட்டைத் தாங்கும். ஓசையும் தட்டின் தேய்மானமும் கூடும். பீங்கான் கலந்த செராமிக் பேட் ஓசையும் கரியும் குறைந்தது, விலை மிகுதியானது. நகரத்தில் ஓடும் குடும்பக் காருக்கு, அதனை உருவாக்கியவர்கள் எவ்வகையைப் பொருத்தினார்களோ அவ்வகையே போதுமானது.

வாங்கும்போது காண வேண்டுவன

முதற்கண், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்று அறிய வேண்டும். புதிய பேடில் உராய்வுப் பொருளின் கனம் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்ததும் மாற்றிவிடுவது நலம். பல பேடுகளில் சிறு இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். தேய்மானம் எல்லையைத் தொட்டதும் அது தட்டில் உரசிக் கீச்சென்று ஒலித்து எச்சரிக்கும். அவ்வொலி கேட்ட பின்னும் நாளைக் கடத்தினால் இரும்போடு இரும்பு உரசித் தட்டும் பாழாகும், இருமடங்கு செலவாகும். உட்புறப் பேட் வெளிப்புறப் பேடைவிட விரைவில் தேய்வதும் உண்டு. ஆகவே சக்கரத்தின் இடைவெளி வழியே தெரியும் வெளிப்பேடை மட்டும் பார்த்து மனநிறைவு அடையலாகாது.

கடையில் காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது போதாது. ஒரே பெயருடைய காரில் ஆண்டுதோறும் மாற்றங்கள் உண்டு. காரின் வகை, தயாரிப்பு ஆண்டு, அடிச்சட்ட எண் ஆகியவற்றைச் சொல்லி உதிரிப்பாக எண்ணை ஒப்பிட்டு வாங்க வேண்டும். பெட்டியின்மேல் தயாரித்தவர் பெயர், மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை ஆகியன தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பேடின் முதுகுத் தகட்டில் எண் பதிந்திருக்க வேண்டும். உராய்வுப் பொருளில் வெடிப்போ, ஓரத்தில் பிளவோ, தகட்டை விட்டுப் பெயர்ந்த அடையாளமோ இருப்பின் வாங்கலாகாது. சென்னையின் பாடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் பிரேக் லைனிங்குகள் பெரும் அளவில் செய்யப்படும் நம் மாநிலத்தில், நல்ல பேடுக்குப் பஞ்சமில்லை. அவ்வாறிருக்க, பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத பெட்டியை வாங்குவது, மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைப்பதாகும். ரசீது கேட்டு வாங்குவது போலியைத் தவிர்க்கும் எளிய வழி.

சில பேடுகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எழுத்து இயல்பான சூட்டிலும், இரண்டாவது எழுத்து மிகுந்த சூட்டிலும் அப்பேடின் உராய்வுக் குணகம் எவ்வளவு என்பதைக் காட்டும். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. எழுத்து உயர்ந்தால் பேடும் உயர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. காருக்கென வகுக்கப்பட்ட அளவோடு பொருந்துவதே சிறப்பு. இரண்டாம் எழுத்து முதல் எழுத்தைவிடத் தாழ்ந்திருந்தால், சூட்டில் பிடிப்புக் குறையும் பேட் அது என அறியலாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டுவன

பேடுகளை ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றுதல் கூடாது. ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும், அதாவது நான்கு பேடுகளையும், ஒருசேர மாற்ற வேண்டும். இன்றேல் மிதிக்கும்போது கார் ஒருபுறமாக இழுக்கும். தட்டின் கனத்தை அளந்து, அதன்மேல் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருப்பின் தட்டையும் மாற்ற வேண்டும். புதிய தட்டில் துருப்பிடிக்காதிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும். அதனைப் பிரேக் கிளீனர் கொண்டு முற்றிலும் நீக்க வேண்டும். காலிப்பரின் நகரும் ஊசிகளுக்குக் கிரீஸ் இட வேண்டும். ஆனால் பேடின் உராயும் முகத்திலோ தட்டிலோ ஒரு துளி கிரீஸும் படலாகாது. பழைய பேடின் கரித்தூசியைக் காற்றுக்குழாயால் ஊதுவது பட்டறைகளில் காணும் தீய பழக்கம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

எல்லாம் முடிந்தபின் மறக்கவே கூடாத செயல் ஒன்று உண்டு. புதிய பேடுக்கு இடம் தருவதற்காகக் காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால் முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கிவிடும்; பிரேக் பிடிக்காது. ஆகவே காரை நகர்த்தும் முன்னரே, நின்ற நிலையில் பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டியாவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதனை மறந்து பட்டறை வாசலிலேயே மோதியவர்கள் உண்டு.

பழக்குவதன் காரணமும் முறையும்

புதிய பேடின் முகம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும், ஓடித் தேய்ந்த தட்டின் மேடுபள்ளங்களோடு அது முழுவதும் பொருந்துவதில்லை. அங்கங்கே சில மேடுகள் மட்டும் தொடுகின்றன. அழுத்தம் முழுவதும் அவற்றின்மேல் விழுகிறது. இது முதற் காரணம். பேடின் துகள்களைப் பிணைத்திருக்கும் பிசின் முதன்முறை மிகுந்த சூடேறும்போது ஆவியை வெளிவிடுகிறது. அந்த ஆவி பேடுக்கும் தட்டுக்கும் இடையே புகுந்து பிடிப்பைக் குறைக்கிறது. கொல்லிமலையில் நாங்கள் நுகர்ந்த கருகல் நாற்றம் இதன் அடையாளமே. இது இரண்டாம் காரணம். மூன்றாவதே முதன்மையானது. நன்கு பழகிய பிரேக்கில், பேடின் பொருள் மிக மெல்லிய படலமாகத் தட்டின்மேல் சீராகப் படிந்திருக்கும். பேட் உரசுவது வெறும் இரும்பை அன்று. தன் பொருளாலாகிய அப்படலத்தையே ஆகும். தோசைக்கல்லின்மேல் எண்ணெய் காய்ந்து படலமாவதைப் போன்றது இது. அப்படலம் சீராக அமைந்தால் பிடிப்பும் சீராகும். திட்டுத்திட்டாக அமைந்தால் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும், ஓசை எழும்.

பழக்கும் முறை எளியது. பேட் தயாரித்தவர் பெட்டிக்குள் வைத்துள்ள குறிப்பு இருப்பின் அதுவே முதன்மை. இல்லையெனில் பின்வருமாறு செய்யலாம். போக்குவரத்து குறைந்த, சமதளமான, நேரான சாலைக்குச் செல்ல வேண்டும். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் அளவுக்கு, மிதமான அழுத்தத்தோடு சீராக வேகத்தைக் குறைக்க வேண்டும். முற்றிலும் நிறுத்துதல் கூடாது. பின் அரை நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் காற்றில் ஆறவிட வேண்டும். இவ்வாறு 20 முதல் 30 முறை செய்தபின், பிரேக்கை இயன்றவரை தொடாமல் பத்து நிமிடம் மெல்ல ஓட்டி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது காரை நிறுத்திப் பெடலை அழுத்தியவாறே இருந்தால், பேடின் உருவம் தட்டில் ஒரே இடத்தில் ஒட்டிவிடும்; பிற்காலத்தில் வரும் நடுக்கத்திற்கு அதுவே வித்தாகும்.

இதன்பின்னும் முதல் 200 முதல் 300 கிலோமீட்டர் வரை, முன் செல்லும் வண்டியோடு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுவதும், மலைப் பயணம், மிகு வேகம், மிகு சுமை ஆகியவற்றைத் தவிர்ப்பதும் அறிவுடைமை. ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குழந்தையொன்று குறுக்கே ஓடிவந்தால், "பேட் இன்னும் பழகவில்லையே" என்று தயங்கலாகாது. முழு வலிமையோடு மிதிக்க வேண்டும். பேட் கெட்டால் வேறு வாங்கலாம்.

பழகிய பின்னும்

நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும். பழகாத பேடுக்குப் பிடிப்பைத் தராது. பிரேக் ஆயிலும் கருதத்தக்கது. அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் அது 155 பாகை அளவுக்கு இறங்கக்கூடும். மலையிறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழியானால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். எனவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நலம். மலையில் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் விதி இன்றும் பொய்த்ததில்லை.

முடிவாக ஒன்று. அன்று எங்கள் நால்வரையும் ஆபத்தின் விளிம்புக்குக் கொண்டு சென்றது போலிப் பேட் அன்று. பழுதான காரும் அன்று. பேட் நல்லது, மாட்டியதும் பிழையற்றதே. சாவியைக் கொடுத்தபோது சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம் சொல்லப்படவில்லை. கேட்டிருக்க வேண்டிய நாங்களும் கேட்கவில்லை. இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் நாளை பட்டறை நடத்தலாம். பலர் கார் ஓட்டலாம். நடத்துவோர் தவறாது சொல்லுக. ஓட்டுவோர் தவறாது கேட்க. எம் பேராசிரியர் அடுத்த முறை பேட் மாற்றிய மாலையில், புறவழிச்சாலையில் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பழக்கினார். மலைக்குச் சென்றது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். 70 வளைவுகளிலும் இறங்கி வந்தோம். கருகல் நாற்றம் எழவில்லை.